வெந்நீர் வசதியுள்ள வீடு

வீடு விற்க நினைப்பவர்கள் முதலில் செய்கிற தவறு, கமிஷன் குறைவாகக் கேட்கிற தரகரைப் பிடிப்பதுதான். உங்களுக்கும் ஒரு நாள் உதவும் என்பதால் சொல்கிறேன். ஒருவர் நூற்றுக்கு ஒன்று கேட்கிறார், இன்னொருவர் மூன்று கேட்கிறார் என்றால் நடுவில் இருக்கிற அந்த இரண்டு எதற்காக என்று விசாரிக்க வேண்டும். விளம்பரச் செலவு யார் தலையில் விழும், விலை படியாவிட்டால் கைக்காசு போகுமா, வாங்குகிறவரிடமும் தனியாக ஒன்று கறக்கிறாரா என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள், பிறகு கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டேன். கேட்ட பிறகுதான் மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த மூன்றாவது ஆளைத்தான் நீங்கள் பிடித்து வந்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். வீட்டில் இருந்த ஆபத்தை மறைத்து விற்றார், அதனால் ஒரு பெண் செத்தாள் என்று வழக்கு எழுதப் போகிறீர்களாம். அது தப்பான வழக்கு. தப்பாக எழுதுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. நான் வேலை பார்த்தது காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற மேஜையில். நோயை மறைத்தவன், வயதை மறைத்தவன், பழைய விபத்தை மறைத்தவன் என்று எத்தனையோ பேரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மறைப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். அதற்காகத்தான் நானே நடந்து வந்தேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மாடி வீடு, இரண்டு படுக்கையறை, தெருவைப் பார்த்த கூடம். குளியலறை சின்னது, ஆனால் சுத்தமானது. சுவரில் கேஸ் கீசர். அதிலிருந்து புகை வெளியே போக மேலே ஒரு குழாய் இருந்தது. மழைக்காலம் வந்தால் அந்தக் குழாய் வழியாகச் சாரல் அடிக்கும், மழை விட்டால் புறாக்கள் வந்து குப்பை போடும். சுவரெல்லாம் கறை. ஒரு விடுமுறை நாளில் நானே ஏணி போட்டு ஏறி, குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். கொத்தனார் செய்தால்கூட அவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது.

அதற்குப் பிறகு என் மனைவி தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். குளித்துவிட்டு வந்தால் தலை கிறுகிறுக்கிறது, ஜன்னலைத் திறந்து வைத்தால் தேவலை என்பாள். ஈரத் தலையில் காற்றுப் பட்டால் யாருக்குத்தான் வலிக்காது, ஜன்னலை மூடிக்கொண்டு குளி என்றேன். சொன்ன பேச்சைக் கேட்கிறவள். போன குளிர்காலத்தில் ஒரு காலை, குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் இருந்தது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் வந்தார், இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். படித்தவர் எழுதியது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சந்தேகம் வந்தது என் மைத்துனனுக்கு. மனைவியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அக்காவைத் தூக்கிக் கூடத்தில் கிடத்தியிருக்கிறது, உறவெல்லாம் உட்கார்ந்திருக்கிறது, இவன் மட்டும் குளியலறைக்குள் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி என்னைக் கேட்டான்.

"மாமா, இந்த ஓட்டையை யாரு அடைச்சது?"

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"கேஸ் எரிஞ்சா புகை எங்க போகும் மாமா? உள்ளேதானே சுத்தும்? அக்காவை நீங்கதான் கொன்னுட்டீங்க."

என் தங்கைகூட என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். என் சாப்பாட்டைச் சாப்பிட்டு, என் ஜாமீனில் வேன் கடன் வாங்கியவன் என்னைக் கொலைகாரன் என்று சொல்கிறான், ஒருவர்கூட "டேய், வாயை அடக்கு" என்று சொல்லவில்லை. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்றுவரை தணியவில்லை. காலையில் பல் துலக்கும்போது அது என்னோடு நிற்கும். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்காரும். வெளியூரில் இருக்கிற என் மகள் போனில் ஒரே ஒரு தடவை, "மாமா சொல்றது நிஜமாப்பா?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை.

அந்த அடைப்பைப் பெயர்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். பெயர்த்திருந்தால் மைத்துனன் சொன்னதை நானே ஒத்துக்கொண்டதாக ஆகாதா? அடுத்த நாளே ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பான். நான் ஒரு உளியைக்கூட அங்கே படவிடவில்லை. நான் எப்படிக் குளித்தேன் என்றும் கேட்டீர்கள். பச்சைத் தண்ணீரில்தான். எனக்கு அதுதான் பழக்கம். எப்போதிலிருந்து என்றால், போன வருடத்திலிருந்து.

வீட்டை விற்பது என்று முடிவு செய்தேன். பணமுடை எதுவும் இல்லை, ஓய்வூதியம் தாராளமாகப் போதும். என் கணக்கு வேறு. அந்த வீட்டில் ஒரு குடும்பம், அதே கீசரில், அதே அடைப்புக்குக் கீழே, ஒரு குளிர்காலம் முழுக்க வெந்நீரில் குளித்து நன்றாக இருந்துவிட்டால் போதும். மைத்துனனின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து அந்த வாசலில் நிறுத்தி, "பாருடா, இவங்க செத்தாங்களா?" என்று கேட்டுவிடலாம். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. இதை நீங்கள் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கலாம். உங்களை யாரும் பிணத்தின் முன்னால் வைத்துக் கொலைகாரன் என்று சொன்னதில்லை.

முதலில் வந்த தரகர் ஒரு பெண்மணி. கையில் டார்ச்சோடு வந்தார். நூற்றுக்கு இரண்டு கேட்டார். எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், ஸ்விட்சுகளைப் போட்டுப் பார்த்தார். குளியலறைக்கு வந்ததும் டார்ச்சை மேலே அடித்தார்.

"சார், இதுக்குப் புகைக்குழாய் இல்லையே."

"இல்லாமலேதான் ஓடுது."

"இதை மாத்திட்டுக் கூப்பிடுங்க, நல்ல விலைக்கு வித்துத் தரேன். இல்லேன்னா வாங்கறவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடா இருந்தா என்ன பண்றது?"

நான் மரியாதையாகத்தான் பேசினேன். டீ கொடுத்து அனுப்பினேன். அவர் படியிறங்கிப் போன பிறகு அந்தக் கோப்பையை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினேன். முன்பின் தெரியாத ஒருத்தி, ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு, மைத்துனன் பேசியதையே என் வீட்டுக்குள் நின்று பேசிவிட்டுப் போகிறாள்.

இரண்டாவது ஆள் நூற்றுக்கு ஒன்று போதும் என்றான். வந்தான், செல்போனில் நாலு படம் பிடித்தான், போய்விட்டான். வீடு பார்க்க வருகிறவர்களிடம் யார் பேசுவது என்று கேட்டேன். "நீங்கதான் சார், ஓனர் பேசினாத்தானே நம்புவாங்க" என்றான். நான் சொன்னேன் இல்லையா, குறைந்த கமிஷன் என்றால் வேலை நம் தலையில் விழும். வாங்குகிறவர் கீசரைப் பற்றிக் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். நான் பொய் சொல்கிறவன் இல்லை. அதனால் அவன் வேண்டாம் என்று விட்டேன்.

மூன்றாவதாக வந்தவரைச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எப்போது பார்த்தாலும் பெண் பார்க்க வந்தவர் போல மடிப்புக் கலையாத சட்டை. நூற்றுக்கு நான்கு கேட்டார். அநியாயம்தான். ஏன் இவ்வளவு என்று கேட்டேன்.

"சார், வீட்டுல ஏதாச்சும் குறை இருந்தா என்கிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தெரியாததை நான் யாருக்கும் சொல்ல முடியாது பாருங்க. வாங்கறவங்க உங்க பக்கமே வராம நான் பாத்துக்கறேன். அதுக்கும் சேர்த்துத்தான் நாலு."

நான் பேரம் பேசவில்லை. அவர் குளியலறைக்கு வந்தார், கீசரைப் பார்த்தார். அவர் பார்வை மெதுவாக மேலே ஏறப் போனது, பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தத் திறமைக்குத்தான் பணம். விளம்பரத்தில் 'வெந்நீர் வசதி உண்டு' என்று போட்டார். அதில் பொய் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். வாங்கியவரிடமும் இரண்டு கறந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது, ஆனால் ஒப்பந்தத்தில் அதை நான் தடுத்திருக்கவில்லை. அது என் கவனக்குறைவு.

வாங்கியவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பையன். பெண்டாட்டி, பள்ளிக்கூடம் சேராத ஒரு பெண் குழந்தை. முன்பு இருந்த வாடகை வீட்டில் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார்களாம். சாவி கொடுக்கிற அன்றுதான் அவர்களைப் பார்த்தேன். அவன் பெண்டாட்டி குழாயைத் திறந்து, சூடாக வருகிற தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இனிமே இடுப்பு ஒடியாதுப்பா" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். வயதானவர் என்பதால் அப்பா என்று கூப்பிட்டாள். என் மகள் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

நான் பக்கத்துத் தெருவிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டேன். காலையில் நடக்கப் போகும்போது அந்தக் குளியலறை ஜன்னலைப் பார்ப்பேன். ஆவி வரும். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தமும் குழந்தை பாடுகிற சத்தமும் கேட்கும். அந்த ஒவ்வொரு காலையும் மைத்துனன் முகத்தில் நான் கரி பூசிய காலை. சந்தோஷமாக இருந்தேன். குளிர் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் நின்று கவனித்தேன். ஜன்னல் திறந்திருந்தது. மறுநாளும் திறந்திருந்தது. அவள் தினமும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளித்திருக்கிறாள். அப்படியென்றால் இத்தனை நாளும் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தெருவிலேயே கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.

என் பெயருக்குத் தபால் ஏதாவது வந்ததா என்று கேட்கிற சாக்கில் படியேறிப் போனேன். அவள் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. வீடு வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லா இருக்குப்பா. குளிச்சிட்டு வந்தா மட்டும் தலை கிறுகிறுங்குது. ஜன்னலைத் திறந்து வச்சா தேவலை. ஆனா குளிர் தாங்கல."

இந்த இடத்தை நீங்கள் வார்த்தை மாறாமல் எழுத வேண்டும். அந்த வீட்டைப் பற்றி வாங்கியவர்களிடமோ இந்தத் தரகரிடமோ நான் எதுவும் சொன்னதில்லை. சொன்னது இது ஒன்றுதான்.

"ஈரத் தலையில காத்துப் பட்டா அப்படித்தாம்மா இருக்கும். ஜன்னலை நல்லா மூடிட்டுக் குளி, சரியாப் போயிடும்."

"சரிப்பா" என்றாள். அவளும் சொன்ன பேச்சைக் கேட்கிறவள்.

குழந்தை வெளியே நின்று குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது என்று சற்று முன்பு சொன்னீர்கள். அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தேவையில்லாத விவரம். நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லியாகிவிட்டது, தரகரை விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் கூலி வாங்கினார்.

வெளியே பெஞ்சில் மைத்துனன் உட்கார்ந்திருக்கிறான், சேதி கேட்டு வந்திருப்பான், வரும்போது பார்த்தேன். அவனைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டுங்கள். இந்தப் பெண்ணைக் கொன்றவன் என்று அவன் என்னைச் சொல்லட்டும், தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன். ஜன்னலை மூடினால் அவள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்துதான் மூடச் சொன்னேன். ஆனால் அன்றைக்குக் கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னானே, அந்த வார்த்தையை அவன் திரும்பப் பெற வேண்டும். ஆபத்து என்று எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் நீங்கள் கேட்காதீர்கள். என் மனைவி இதயம் நின்று இறந்தவள்.