சாயம் ஏறாத இடத்துக்கே விலை

(முதலியார்பேட்டை சுங்குடிச் சாயத் தொழிலாளர் சங்கத்தின் விற்பனைக்கூடத் திறப்பு விழாவில் ஆற்றிய வாழ்த்துரை. 1958, தை மாதம்.)

விழாவின் தலைமையையும் தாங்கி, மாலையின் பாரத்தையும் தாங்கி, இனி என் பேச்சையும் தாங்கப்போகிற சங்கத் தலைவர் உயர்திரு பலராமன் அவர்களே! சாயத்தொட்டியில் கையை நனைத்துச் சங்கத்தின் பெயரைக் கறைபடாமல் காத்துவரும் மூத்தவர் கண்ணையன் அவர்களே! முன்வரிசையில் சிவந்த விரல்களோடு வீற்றிருக்கும் அங்கத்தினர்களே! ஊர்ப் பெரியோர்களே! பந்தலுக்குள் இடம் போதவில்லை என்று பந்தலுக்கு வெளியே, வெயிலில், நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! உங்களைத்தான் நான் முதலில் அழைத்திருக்க வேண்டும். ஆனால் அழைப்பிதழின் வரிசையை மீறக்கூடாதாம். உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வாழ்த்திப் பேச என்னை அழைத்தது யாருடைய துணிச்சல் என்று தெரியவில்லை. இந்த ஊரில் எனக்கு மனத்தாங்கல் இல்லாத வீதி கிடையாது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் மெரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், எழுத்தராக இருந்தேன். மேற்பதவி கேட்டேன். "நீ இந்தியன்" என்றார்கள். ஆட்சி மாறியது. புதிய அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "நீ பிரெஞ்சுக்காரர்களோடு இருந்தவன்" என்றார்கள். ஆள் ஒருவன், அடைபட்ட கதவு இரண்டு! சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இது முன்னுரை. நீங்கள் கொடுத்த ஐந்து நிமிடம் இனிமேல்தான் தொடங்குகிறது.

சுங்குடி என்பது என்ன? வெள்ளைத் துணியை நகத்தால் துளித்துளியாகக் கிள்ளியெடுத்து, ஒவ்வொரு துளியிலும் நூலைச் சுற்றி இறுக்குகிறார்கள் பெண்கள். கட்டிய துணியைச் சாயத்தில் முக்கியெடுக்கிறார்கள் ஆண்கள். காய்ந்த பிறகு கட்டுகளை அவிழ்த்தால், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி, விடியற்காலை வானம்போல! இருவர் கையும் சேர்ந்தால்தான் ஒரு புடவை. ஆனால் சங்கத்தில் அங்கத்தினர் யார்? முக்குகிறவர்கள். கட்டுகிறவர்கள்? அவர்கள் வெயிலில் நிற்கிறார்கள்.

நான் கேட்கிறேன். வெறும் சிவப்புப் புடவை வேண்டுமென்றால் ஒருத்தி முதலியார்பேட்டைக்கா வருவாள்? எந்தக் கடையிலும் கிடைக்காதா சிவப்பு? அவள் தேடி வருவது எதற்காக? சாயம் ஏறிய இடத்துக்காகவா, சாயம் ஏறாத இடத்துக்காகவா? கண்ணையன் அவர்களின் தொட்டி கடல் போன்றது, தொட்டதையெல்லாம் தோய்த்துவிடும். அந்தக் கடலையே கடுகளவு இடத்தில் "இங்கே வராதே" என்று தடுத்து நிறுத்தியது யார்? ஒரு பெண்ணின் நகமும் ஒரு முழ நூலும் அல்லவா?

பின்வரிசையில் யாரோ "சத்தமா பேசுங்க" என்கிறார். பேசுகிறேன், தம்பி. முன்வரிசைக்குக் கேட்டால் போதும் என்றுதான் இதுவரை மெதுவாகப் பேசினேன்.

அதோ, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர் அஞ்சலாட்சி. பஞ்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது வேலை இழந்தவர். மதுரையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அம்மாளிடம் புள்ளி கட்டக் கற்றுக்கொண்டு, தம் தெருவுக்கே கற்பித்தவர். இவர் ஐப்பசியில் தலைவரிடம் போனார். "என்னையும் அங்கத்தினரா சேத்துக்குங்க" என்றார். அருகிலிருந்து என் காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

"கட்டுறது ஒரு தொழிலாம்மா? கத பேசிக்கினே செய்ற வேல. வேணும்னா உன் வூட்டுக்காரர் பேர்ல மனு குடு" என்றார் தலைவர்.

"அவரு தேங்காய்த்திட்டுல மீன் ஏலம் கூவுறாருங்க. அவரச் சேத்தீங்கன்னா பொடவையயும் கூறு போட்டுத்தான் விப்பாரு. பரவாயில்லயா?" என்றார் அஞ்சலாட்சி.

தலைவர் உடனே மனுவை ஒத்திவைத்தார். பதில் வராதபோது ஒத்திவைப்பது எல்லா ஆட்சியிலும் உள்ள வழக்கம்!

கார்த்திகை பிறந்தது. பெண்கள் நூலைக் கீழே வைத்தார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை, கட்டவில்லை, அவ்வளவுதான். நம் தலைவர் அசருவாரா? "நாமே கட்டுவோம்!" என்றார். சாயக்கூடத்து முற்றத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். எட்டிப் பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். என் மனத்தாங்கல்களுக்கெல்லாம் ஒரே நாளில் விடுமுறை கிடைத்தது!

"இன்னாப்பா இது, நூலு நிக்கவே மாட்டேங்குது?" என்றார் கண்ணையன். தலைவரோ ஒரு முடிச்சுக்கு ஒரு கண்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தனக்கொடி என்ற பெண் குரல் கொடுத்தார்: "அண்ணே, அது கன்னுக்குட்டி இல்ல, அவ்ளோ இறுக்காதீங்க. அவுத்துக்கினு ஓடாது!"

ஓடியது, பெரியோர்களே, ஓடியது! தொட்டியில் இறங்கிய உடனே பாதி முடிச்சு நழுவி ஓடியது. மீதியை அவிழ்க்க அரிவாள்மனை தேவைப்பட்டது. வெளியே வந்ததோ, ஒரு சிவப்புப் புடவையும் அங்கங்கே நாலைந்து வெள்ளைத் தீற்றலும். தலைவர் அதை உதறிப் பிடித்து, "புது டிசைன்" என்றார். பார்க்க வந்திருந்த அவருடைய துணைவியார் செல்வாம்பாள் அம்மையார் ஒரு பார்வை பார்த்தார். "இதக் கட்டிக்கினு தெருவுல போனா, காக்கா எச்சம் போட்ச்சான்னுதான் கேப்பாங்க" என்றார்.

தலைவர் அவர்களே, கோபிக்காதீர்கள். முகத்தில் சாயம் ஏறுகிறது, நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.

மறுநாளே பெண்களை அழைத்தீர்கள். "விழா முடியட்டும், மனுவை எடுக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தீர்கள். நம்பினார்கள், கட்டினார்கள். இந்தக் கூடத்தின் அலமாரி நிறைந்தது அந்த நம்பிக்கையால். ஆனால் இன்று காலையில் என் காதில் என்ன விழுகிறது? விழா முடிந்ததும் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, மனுவை மறுபடியும் ஒத்திவைக்கப் போகிறார்களாம்.

இங்கே கொஞ்சம் கேலியை நிறுத்திக்கொள்கிறேன். சாத்திய கதவை எனக்குத் தெரியும். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பது வெளியே இருப்பவனுக்குக் கேட்காது. நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இப்படிக் கசந்து போனேன். ஒரு மனிதனைக் கசப்பாக்கக் கொடுமை வேண்டியதில்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்ற ஒரு சொல் போதும். நான் ஒருவன் கசந்ததே இந்த ஊருக்குப் போதும். என்னைப்போல் இன்னொருத்தியை உண்டாக்காதீர்கள்!

ஆகவே அங்கத்தினர்களே, கதவுக்குள்ளே எதற்கு? காற்றோட்டமான பந்தல் இருக்கிறது. கண்கண்ட சாட்சியாக ஊர் இருக்கிறது. அஞ்சலாட்சியைச் சேர்க்கச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

கண்ணையன் அவர்கள் தூக்கிவிட்டார். நகக்கண்ணெல்லாம் சிவப்பு, அந்தக் கைக்கு என் வணக்கம். அடுத்தவர், பக்கிரி. அவருக்கு அடுத்தவர். வரிசை முழுவதும் வந்துவிட்டது. தலைவர் அவர்களே, ஊர் உங்களைப் பார்க்கிறது.

வெளியிலிருந்து ஒரு குரல்: "தூக்குங்களேன், கையி வலிக்கவா போவுது?" செல்வாம்பாள் அம்மையாரா? அம்மா, மேடைப்பேச்சு என் வேலை. ஆனால் என்னைவிடச் சுருக்கமாகப் பேசுகிறீர்கள்.

தூக்கிவிட்டார்! கை தட்டுங்கள். அவருக்காகவும் தட்டுங்கள், ஊர் பார்க்க மனம் மாறுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். எனக்கு அது இருந்ததில்லை.

அஞ்சலாட்சி அம்மா, மேலே வாருங்கள். என் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். ஏன் நிற்கிறீர்கள்? என்ன சொல்கிறீர்கள்? ஊருக்குக் கேட்கட்டும், உரக்கச் சொல்லுங்கள்.

"நான் மட்டும் எப்டிங்க உக்கார்றது? தனக்கொடி, வசந்தா, ஆதிலட்சுமி, எல்லாரும் மனு எழுதி மடியில வச்சிக்கினு நிக்கிறாங்களே."

கேட்டீர்களா, பெரியோர்களே? என் வாழ்த்துரை முடிந்தது. இந்தச் சங்கத்தின் வேலை தொடங்குகிறது. பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுத்துக்கொண்டவர்களுக்கும் என் நன்றி. தாய்மார்களே, பந்தலுக்குள் வாருங்கள். உங்களுக்கே என் நிறைவான வணக்கம்.

தலைவர் அவர்களே, கையை மட்டும் இறக்கிவிடாதீர்கள்.