ரோமாபுரித் திருவிழாவில் கிளாரினெட்

வெறும் வயிற்றில் கிளாரினெட் வாசிக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார். மூச்சு பாதியில் அறுந்துவிடும்.

என் பெயர் லாசரஸ். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரைக்கும் கல்யாணம், திருவிழா, சாவு எதுவானாலும் என் பேண்டு செட்தான். இந்த 1969-ஆம் வருஷப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு ஞானம்மாள் டீச்சர் கூப்பிட்டார். சரித்திர டீச்சர். 'ரோமாபுரித் திருவிழா' என்று நாடகம். அங்கே பூசாரி பலி கொடுக்கும்போது பக்கத்தில் ஒருவன் குழல் ஊதிக்கொண்டே இருப்பானாம். வேறு சத்தம் காதில் விழுந்தால் பூஜை கெட்டுப்போகுமாம்.

"அதனால என்ன ஆனாலும் நிறுத்திடாதீங்க லாசரஸ்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். குழல்காரர்கள் கோயிலில் சாப்பிடக் கூடாது என்று ஒருமுறை தடுத்தார்களாம். அத்தனை பேரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அரசாங்கமே ஆள் அனுப்பிக் கெஞ்சியதாம். எனக்கு அது பிடித்திருந்தது.

விழா அன்று மத்தியானம் ஹாலில் பந்தி. நானும் டிரம் அடிக்கும் குப்புராஜும் இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம். பள்ளிக்கூடத்தை நிர்வாகம் பண்ணும் கரஸ்பாண்டென்ட் சுந்தர்சிங் வந்தார்.

"பேண்டுக்காரங்கள யாரு இங்க உட்கார வெச்சது? சைக்கிள் ஷெட்டுக்குப் போங்க."

என் இலையை அவரே மடித்தார்.

"வுடுண்ணா, பேஜார் பண்ணாத" என்றான் குப்புராஜ். நான் பேஜார் பண்ணவில்லை. சாப்பிடவும் இல்லை.

சாயங்காலம் நாடகத்தின் நடுவே சுந்தர்சிங் சட்டை மாற்றிக்கொள்ள மேடைக்குப் பின்னாலிருந்த ஓலைக் கொட்டகைக்குள் போனார். அதன் வாசலில்தான் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம். இடது கை விரல்களிலேயே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கொட்டகைக் கதவைச் சாத்தி வெளியே நாதாங்கியைப் போட்டேன். அடுத்த காட்சிக்காகக் கொளுத்தி வைத்திருந்த பந்தம் என் கால் பட்டு ஓலைமேல் சாய்ந்தது. தற்செயல் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

"இன்னாண்ணா, உள்ள யாரோ கத்தற மாரி கீது."

பலமாக அடி என்று குப்புராஜுக்குக் கண்ணால் காட்டினேன். புகையும் நாடகத்தில் சேர்ந்தது என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். அவ்வளவு நன்றாக நான் என்றைக்கும் வாசித்ததில்லை. கூரை விழுந்த பிறகுதான் நிறுத்தினேன். அதற்குள் சுந்தர்சிங் செத்துப்போயிருந்தார்.

காலையில் ஞானம்மாள் டீச்சர் இங்கே வந்து அழுதார். "நாடகத்துக்குத்தானே சொன்னேன் லாசரஸ்" என்றார். அவரை விட்டுவிடுங்கள். சொன்னதை ஒழுங்காகச் செய்தவன் நான்.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். இல்லை. தூக்கு என்றாலும் இல்லை. வாசிக்கும்போது வேறு எதுவும் என் காதில் விழாது சார், அது தொழில் சுத்தம். "கதவைத் திற லாசரஸ், ஹால்லயே உட்கார்ந்து சாப்பிடு" என்று அவர் மூன்று தடவை சொன்னது மட்டும்தான் விழுந்தது.