மஞ்சள் கோடு

"உனக்குக் கை நடுங்குமா?" என்று சித்தப்பா ஒருநாள் என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். "கை நடுங்காது சித்தப்பா. வாய்தான் நடுங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். எனக்குப் பட்டறையில் வேலை கிடைத்தது இப்படித்தான்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருடம் அது. நின்றதுகூட நானாக நின்றதல்ல. வகுப்பில் எழுந்து பாடம் படிக்கச் சொன்னால் எனக்கு முதல் வார்த்தை வர நேரமாகும். வரும், ஆனால் நேரமாகும். அதற்கு யாரும் காத்திருந்ததில்லை. அக்காதான் பள்ளிக்கு வந்து, "இவளுக்கு இது சரிப்படாது சார், விட்டுடுங்க" என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அன்பானவள். அம்மா அப்பா போன பிறகு எங்கள் இருவரையும் சித்தப்பா வளர்த்தார் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். என்னை வளர்த்தது அக்காதான். துணிக்கடையில் எனக்கு என்ன நிறம் பிடிக்கும், டாக்டரிடம் எனக்கு எங்கே வலிக்கிறது, எல்லாவற்றையும் அவளே சொல்வாள். பெரும்பாலும் சரியாகவும் சொல்லிவிடுவாள்.

பட்டறை முன்பு மாவு மில்லாக இருந்த கட்டடம். சுவரில் சாய்ந்தால் இப்போதும் மாவு ஒட்டி முதுகு வெள்ளையாகும். அங்கே நாங்கள் ஒரு சின்னக் கார் செய்துகொண்டிருந்தோம். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீரர்களாக ஆசைப்படுகிறவர்களுக்கான கார். குழாய்களை வெல்டிங் செய்த எலும்புக்கூடு, அதன்மேல் பைபர் உடம்பு, இருக்கைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் என்ஜின். சாலையில் ஓட்ட முடியாது. ரேஸ் டிராக்கில் சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். அதற்கு இத்தனை பேர் ஏங்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. தொந்தி உள்ளே நுழையுமா என்று பார்க்க ஒருவர் வருவார். ஹாரன் இருக்குமா என்று இன்னொருவர் கேட்பார். பல் டாக்டர் ஒருவர் தண்ணீர் பாட்டில் வைக்க இடம் கேட்டார். சித்தப்பாவுக்கு நெஞ்சு வலியே வந்திருக்கும்.

ஏனென்றால் சித்தப்பாவுக்கு எடைதான் உயிர். காய்கறித் தராசு ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பார். கதவுத் தாழ்ப்பாளில் ஓட்டை போடுவார். பெடலில் ஓட்டை போடுவார். "மாப்ள, கடவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வந்தா வண்டி இன்னும் கொஞ்சம் வேகமாப் போகும்" என்று அத்தானிடம் சொல்வார். "உங்க பேச்சைக் குறைச்சாலே பாதி எடை குறையும் மாமா" என்பார் அத்தான். இப்படி நாள் முழுக்க. உழைக்கிறார்கள் என்று வெளியே எல்லோரும் நம்பினார்கள்.

அத்தான் அக்காவின் கணவர். பிட்டர் வேலை அவருடையது. கை சுத்தமான மனிதர், பாட்டுதான் சகிக்காது. என்னை 'ஊமச்சி' என்று கூப்பிடுவார். செல்லமாகத்தான். அதற்கு நான் ஒன்றும் சொன்னதில்லை என்பதால், எனக்கு அது பிடித்திருக்கிறது என்று முடிவு செய்திருந்தார்.

அக்கா படித்தவள். காரை வரைந்ததும் அவள், ஓட்டிப் பார்ப்பதும் அவள். முதல் தடவை டிராக்கில் ஓட்டியபோது வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் முன்னே வரப் பார்த்தது. இறங்கி வந்து, உள்ளங்கையைக் காராக வைத்துக் காட்டினாள். பேட்டரியை முன்னால் நகர்த்தினார்கள், ஸ்பிரிங்கை மாற்றினார்கள். பிறகு வண்டியின் மூக்கு வளைய மறுத்தது. அதற்கு வேறு ஏதோ மாற்றினார்கள். மூன்று பேரும் தரையில் சாக்பீஸால் வரைந்து வரைந்து சண்டை போடுவார்கள். மறுநாள் காலையில் நான் அதைக் கழுவித் தள்ளுவேன். கழுவும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும்.

என் வேலை கோடு போடுவது.

அத்தான் டார்க் ரெஞ்சால் போல்ட்டை முறுக்குவார். வேண்டிய அளவு இறுகியதும் அந்த ரெஞ்ச் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். உடனே அவர் "ஆச்சு" என்பார். நான் சின்ன பிரஷால் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு மஞ்சள் கோடு இழுப்பேன். பின்னால் போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம்தான் இது. "மெல்லிசாப் போடு சின்னவளே, பெயிண்ட்டுக்கும் எடை இருக்கு" என்பார் சித்தப்பா. மெல்லிதாகத்தான் போடுவேன்.

எங்கள் பட்டறையில் மட்டும் அந்தக் கோட்டுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. அத்தானை யாராவது நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். போய்விட்டுத் திரும்பி வந்தால், எந்த போல்ட்டில் விட்டோம் என்று அவருக்கு ஞாபகம் இருக்காது. என் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். கோடு எங்கே முடிகிறதோ அங்கிருந்து ரெஞ்சை வைப்பார். கோடு போட்ட போல்ட்டை யாரும் மறுபடி தொடமாட்டார்கள். கோட்டின்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அதை இழுப்பவள் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட அவர்களுக்குத் தோன்றியதில்லை.

நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆசையாக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். தரை ஈரமாக இருக்கிறது, யாராவது வழுக்கி விழலாம் என்று நினைப்போமே, அந்த மாதிரி.

அந்தக் காரை வாங்க நினைத்தவர்கள் எல்லோரும் டிராக்கிற்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடாகியிருந்தது. அக்காவின் கால் வசதிக்காகப் பெடல்களைத் தள்ளி வைத்ததில், ஸ்டீயரிங் தண்டைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மதியம் அத்தான் மல்லாந்து படுத்து வேலை செய்தார். பக்கத்தில் நான் பிரஷோடு குந்தியிருந்தேன். தண்டு கீழே போய்ச் சேரும் இடத்தில் அதைக் கவ்விப் பிடிக்கும் போல்ட் ஒன்று உண்டு. அதைக் கையால் திருகி உட்காரவைத்துவிட்டு ரெஞ்சை எடுத்தார். அப்போது வாசலில் பல் டாக்டரின் குரல் கேட்டது. மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முடிக்காத காரிலேயே ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.

"இதோ வரேன்" என்று சொல்லி அத்தான் உருண்டு வெளியே வந்தார்.

டாக்டரை உள்ளே இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. இறக்கிய பிறகு வெளியே எடுக்கவும் மூன்று பேர். அவர் மனைவி போட்டோ எடுத்தாள். "டாக்டர், அடுத்த தடவை எண்ணெய் தடவிட்டு வாங்க" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டாள்.

கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது. நான் வாயைத் திறந்தேன்.

"என் தங்கச்சி. கோடு போடுவா. வேற ஒண்ணும் வராது பாவம், ஆனா கோடு அவ்வளவு அழகாப் போடுவா" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு என் தலையைத் தடவினாள்.

மூன்று பேரும் வாசல் வரை போய் அவர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் பிரஷில் பெயிண்ட் இருந்தது, காய்ந்துவிடும். குனிந்து அந்த போல்ட்டில் ஒரு கோடு போட்டேன். அழகாகத்தான் வந்தது.

அத்தான் திரும்பி வந்து படுத்தார். "எங்க விட்டேன் ஊமச்சி?" என்று கேட்டார். என்னைக் கேட்டதாக நினைக்க வேண்டாம். கேட்டுக்கொண்டே கோடுகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த போல்ட்டில் ரெஞ்சை வைத்தார். டக். "ஆச்சு." கோடு போட்டேன்.

இதில் நான் செய்தது என்ன என்று பாருங்கள். எதையும் தளர்த்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. பெயிண்ட் தடவினேன். ஒரு ஆளின் வேலை முடிந்துவிட்டது என்று ஒரு கோட்டைப் பார்த்து நினைக்கிறவர்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி பட்டம் வாங்கியவள். யாராவது ஒரு ஆள் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

டிராக்கிற்குப் போகும் வழியில் அக்கா வேனில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவாள், சின்ன வயதிலிருந்தே அப்படி. தூங்கும்போது மட்டும்தான் அவள் எனக்காகப் பேசமாட்டாள். அவள் கழுத்து வலிக்காமல் இருக்க நான் தோளைத் தாழ்த்திக்கொண்டேன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவள்மேல் கோபம் இருந்ததில்லை.

வந்திருந்தவர்கள் சுவருக்குப் பின்னால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றார்கள். வண்டி நன்றாகப் போனது. மூக்கும் திரும்பியது, பின்பக்கமும் அடங்கியிருந்தது. சித்தப்பா ஸ்டாப் வாட்சைப் பார்த்து ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் சத்தமாகச் சொன்னார். சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வந்தது. பல் டாக்டர் கைதட்டினார். இனிமேல் காரில் மாற்ற ஒன்றுமே இல்லை என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது, தூரத்து நீள வளைவில் கார் வளையவில்லை. நேராகப் போனது. அவ்வளவுதான் நான் பார்த்தது. சுவர் அந்தப் பக்கம் பக்கத்திலேயே இருந்தது.

எடை குறைவான கார். சித்தப்பா ஆசைப்பட்டபடியே.

அக்கா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

டிராக்கிலிருந்து விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். கழன்று கிடந்த போல்ட்டின் தலையில் என் கோட்டின் பாதி இருந்தது. பூதக் கண்ணாடி வைத்து அதைப் பார்த்தார்கள். கோடு இருப்பதால் போல்ட் முறுக்கப்பட்டிருக்கிறது, முறுக்கியும் கழன்றதால் அந்த இணைப்பை வரைந்த விதத்தில் கோளாறு என்று எழுதிக்கொடுத்தார்கள். அதாவது அக்கா வரைந்ததில் கோளாறு. படித்தவர்கள் கோட்டை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. என்னையும் உட்காரவைத்தார்கள். "இந்தப் பொண்ணு பேசாதுங்க" என்று சித்தப்பா சொன்னார். அவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

சித்தப்பா பைபர் உடம்பு வார்க்கும் அச்சுகளைச் சம்மட்டியால் உடைத்துப் போட்டார். அதற்குப் பிறகு பட்டறைக்கு வரவில்லை. அத்தான் மட்டும் தினமும் வந்தார். மேசையில் பூட்டியிருந்த வைஸின் இரும்புப் பிடியில் ஒரு போல்ட்டைக் கவ்வவைத்து முறுக்குவார். டக். தளர்த்துவார். மறுபடி முறுக்குவார். டக். பாட்டு நின்றுபோயிருந்தது. மெலிந்து, தாடியோடு, ஒரு சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மனிதன் இப்படி ஆகலாமா என்று எரிச்சலாகத்தான் இருந்தது. நான் பெருக்கிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ரெஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"நீ பக்கத்துலதானம்மா இருந்த. எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது. அந்த போல்ட்டுக்கு டக்குனு சத்தம் கேட்டுச்சா, இல்லையா? அது ஒண்ணு மட்டும் சொல்லு. நான் செஞ்சேனா, விட்டுட்டேனா?"

ஊமச்சி என்று கூப்பிடவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தார். என் முதல் வார்த்தைக்காகக் காத்திருந்த இரண்டாவது ஆள் அவர்.

"கேக்கல அத்தான்" என்றேன்.

"அப்புறம் ஏன் கோடு போட்ட?"

கேட்டால் சொல்வேன் என்றுதானே இருந்தேன். சொன்னேன். டாக்டரின் மனைவி கேட்டதிலிருந்து தொடங்கி, வரிசை மாறாமல், தடங்கல் இல்லாமல் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. நன்றாகவே வந்தது. டிராக்கில் நடந்ததையும் விடவில்லை. அவர் டயர்ப் பக்கம் குனிந்திருந்தபோது அக்கா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டதைச் சொன்னேன். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினாள். பெடல் பக்கம் குனிந்து அந்தக் கோட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஆச்சாடி?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். "தலையாட்டாத. உன் வாயால சொல்லு. நீ சொன்னாத்தான் போவேன், எனக்கென்ன அவசரம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்த்திருக்க, எனக்காகக் காத்திருந்தாள். அவள் எனக்குப் பதிலாகப் பேசாத ஒரே தடவை அதுதான்.

"ஆச்சு" என்றேன். எப்போதும் போல நேரமாகவில்லை. வாய் நடுங்கவும் இல்லை.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். என் கன்னத்தைக் கையுறையோடு தட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். அதையும் அத்தானிடம் சொன்னேன்.

அவர் வைஸிலிருந்து போல்ட்டைக் கழற்றினார். ரெஞ்சை, எப்போதும் பெட்டியில் வைக்கும் முன் செய்வது போல, சுழியத்துக்குத் திருப்பினார். பெட்டியை மூடினார். நான் காத்திருந்தேன். அத்தனை பேசியிருக்கிறேன், கேட்டவருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், அதற்கு ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு ஊமச்சி என்று பெயர் வைத்தவர், சுவரின் வெள்ளை ஒட்டிய முதுகோடு, கதவைக்கூடச் சாத்தாமல், பேசாமல் போனார்.