எட்டு மில்லித் தகடு

நீங்கள் போலீஸ் ஜீப்பை நிறுத்தியபோது நான் அந்த வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடியது உண்மைதான். பதினான்கு கிலோ கனம். என் காரின் பின்கதவு தானாக நிற்காது. தலையால் முட்டுக்கொடுத்தபடிதான் எதையும் உள்ளே வைக்க வேண்டும். அதனால்தான் நீங்கள் கூப்பிட்டும் திரும்பவில்லை. என் தங்கை ஜன்னலில் நின்று அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள், சார். அவள் கண்ணில் படாமல் அப்புறப்படுத்திவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

நின்றுகொண்டே சொல்கிறேனே. மூன்று நாளாக எனக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும்போல் இருக்கிறது. எழுந்தால் நடக்க வேண்டும்போல் இருக்கிறது.

அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்தது நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கையின் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் ஊசிமுனை வேலை செய்கிற மனிதருக்குச் சாயங்காலமானால் பெரிதாக எதையாவது செய்துபார்க்க வேண்டும் என்று ஆசை. பழைய கார் என்ஜின் ஒன்றை வாங்கினார். இரும்புக் குழாய்களை வளைத்து, இரண்டு பேர் உட்கார்ந்து மேடு பள்ளத்தில் ஓட்டுகிற மாதிரி ஒரு வண்டி கட்டப் போகிறேன் என்றார். நான் பாய்லர் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வெல்டர். பிறகு யாரைக் கேட்பார்?

கடைக்காரர் இருநூறு ஆம்பியர் மெஷினை நடுவில் இழுத்துப் போட்டார். "டாக்டர் சார், இது உங்க பேரன் காலத்துக்கும் வரும்."

"பேரன் வர்றதுக்குள்ள கரண்ட் பில் வந்துடுமேய்யா," என்றார் மாப்பிள்ளை.

நான் நியாயமாகத்தான் சொன்னேன். பெரிய மெஷினுக்கு வீட்டு லைன் தாங்காது. மீட்டரிலிருந்து தனிக் கேபிள் இழுக்க வேண்டும். குச்சி வைத்துச் செய்யும் ஆர்க் வெல்டிங்கில் புதுக்கை மெல்லிய குழாயை ஓட்டை போட்டுவிடும். விசையை அழுத்தினால் கம்பி தானாக வருகிற சின்ன மெஷின்தான் அவருக்குச் சரி. இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள குழாய்க்கு அது தங்கமான மெஷின்.

"தடிமனான தகடு வந்தா என்ன பண்றது, மச்சான்?"

"அப்ப பாத்துக்கலாம், மாப்ள."

குற்றம் என்றால் அந்த 'பாத்துக்கலாம்' என்ற ஒரு வார்த்தை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டே மாதத்தில் அவர் ஒட்டு மீன் செதில் மாதிரி வரிசையாக, சீராக விழ ஆரம்பித்தது. எங்கள் தொழிற்சாலை ஆட்கள்கூட வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். "உங்க மாப்பிள்ளை உங்களுக்கே கிளாஸ் எடுப்பார் போலிருக்கே," என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். எல்லாரோடும் சேர்ந்து, எல்லாரும் நிறுத்துகிறவரை.

அதே வாரம்தான் எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் தேர்வு. ஒட்டிய தகட்டை மெஷினில் வைத்து வளைப்பார்கள். என் தகடு விரிசல் விட்டது. ஒரு மாதத்தில் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். அதிலும் தவறினால் வெல்டிங் பக்கமே வரக்கூடாது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நான் டார்ச் பிடித்திருந்தேன். வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவர் வெளியே வந்தார்.

"மச்சான், ரெண்டு கையையும் நீட்டுங்க."

"எதுக்கு? எனக்குப் பல்லு வாயிலதான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். "எவ்வளவு நாளா இப்படி?"

"டீ குடிக்கல. அதான்."

"இது டீ இல்ல மச்சான், நரம்பு. உங்க ஒட்டு விட்டுப்போய் ஒரு பாய்லர் வெடிச்சா எத்தனை பேர் போவாங்க? திங்கக்கிழமை உங்க ஃபோர்மேன் கடவாப்பல் பிடுங்க வர்றார். நானே பக்குவமா சொல்லிடறேன். உக்காந்து பாக்கற வேலையா மாத்திக் குடுப்பாங்க. அவரும் வாயைத் திறந்துட்டு இருப்பார், எதுத்துப் பேச முடியாது."

நல்ல மனிதர். அக்கறையாகத்தான் சொன்னார். நான் நன்றி சொன்னேன். திங்கட்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

ஞாயிறு காலை முதல் ஓட்டம். வீட்டுக்குப் பின்னால் மேடு, மேட்டுக்கு அந்தப்பக்கம் பழைய கல்குழி. தங்கை ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறிவிட்டாள்.

"நீ இறங்கு. முதல் ஓட்டம் ஒத்தை ஆள் கனத்துல போகட்டும்."

"அண்ணா, மூணு மாசமா இவர் இந்த இரும்போடதான் குடும்பம் நடத்தறார். நான் ஒரு தடவை உக்காரக்கூட கூடாதா?"

"இறங்குன்னா இறங்கு."

அவள் மணிக்கட்டில் இருக்கும் நகக்கீறல் அப்போது நான் பிடித்து இழுத்து இறக்கியதில் பட்டதுதான். எனக்கு உயிர்ப்பிச்சை கொடுத்துவிட்டாய் அண்ணா என்று இப்போது அழுகிறாள். நான் முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறேன்.

மேட்டு உச்சியில் திரும்பும்போது இடது முன்சக்கரம் பிடித்திருந்த தகடு பிய்ந்தது. வண்டி அவரோடு குழிக்குள் போனது. திங்கட்கிழமை ஃபோர்மேன் வந்தார், துக்கம் விசாரிக்க. கன்னம் வீங்கியிருந்தது. பல்லைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

உங்கள் நிபுணர் ஞாயிறு மாலையே தகட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒட்டு இரும்புக்குள் இறங்கவே இல்லையாம்; மெழுகு மாதிரி மேலோடு நின்றுவிட்டதாம். சின்ன மெஷின், கற்றுக்குட்டி கை, பாவம் டாக்டர் என்றார். அத்தோடு கோப்பை மூடியிருப்பீர்கள். தப்பான மெஷினை வாங்கிக் கொடுத்தேன் என்று நானும் நாலு பேர் முன்னால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் மூன்று நாளாக என்னை ஓர் இடத்தில் இருக்கவிடாதது அந்தக் 'கற்றுக்குட்டி' என்ற வார்த்தைதான், சார்.

மாப்பிள்ளை கற்றுக்குட்டி இல்லை. சக்கரம் மாட்டும் தகடுகள் எட்டு மில்லி. அவர் வண்டியில் கைவைக்காமல் முதலில் வேறொரு துண்டில் ஒட்டிப் பார்த்தார். கிடுக்கியில் கவ்வக் கொடுத்து ஒரே அடி அடித்தார். கழன்று விழுந்தது. வியாழக்கிழமை அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார்.

"பாருங்க மச்சான். மேல அவ்வளவு அழகு, உள்ள ஒண்ணுமே இல்ல. நம்ம சொந்தக்காரங்க மாதிரி." பிறகு என் தோளைத் தொட்டார். "இந்த நாலு இடத்தை மட்டும் நீங்க போட்டுக் குடுங்க. செவ்வாய்க்கிழமை நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. நடுங்கினாலும் உங்க கை உங்க கைதான்."

மெஷின் சின்னது என்பது ஒரு சாக்கு. எட்டு மில்லியின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, தகட்டைச் சூடாக்கி, மூன்று சுற்றாகப் போட்டால் அதே மெஷினில் யானையைக் கட்டலாம். நிதானமாகப் போட்டால் என் கையும் அதற்குப் போதும். மூன்று தகடுகளை அப்படித்தான் போட்டேன். வேண்டுமானால் வளைத்துப் பாருங்கள். வண்டி நசுங்கினாலும் அவை விடவில்லை. நான்காவது இடது முன்சக்கரம். அதைச் சாய்க்கவில்லை, சூடாக்கவில்லை. மேலாக ஒரே கோடு. மற்ற மூன்றிலும் கடைசிச் சுற்று எப்படி இருக்கிறதோ, இதுவும் அப்படியே இருந்தது. அவர் நான்கையும் விரலால் தடவிப் பார்த்தார். நான்காவதுதான் நன்றாக இருக்கிறது என்றார். அன்று மாலையே கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்.

எங்கள் தொழிற்சாலையில் ஒட்டு ஆறியதும் பக்கத்திலேயே அவரவர் எண்ணை இரும்பில் பதியும்படி பஞ்ச் வைத்து அடிக்க வேண்டும். பாய்லருக்கு ஏதாவது ஆனால் யார் கை என்று தெரிய வேண்டுமே. எண் அடிக்காத ஒட்டை விட்டுவிட்டு இருபத்தாறு வருடத்தில் நான் எழுந்து போனதில்லை.

உங்கள் நிபுணர் பெயிண்டுக்கு மேலேதான் பார்த்திருக்கிறார். ஒட்டிலிருந்து ஒரு விரல் தள்ளிச் சுரண்டச் சொல்லுங்கள். நான்கு தகட்டிலும் நாற்பத்தேழு என்று என் எண் இருக்கும். 'கற்றுக்குட்டி' என்பதை அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், சார்.