ஒரிஜனின் அம்மா ஒளித்துவைத்த துணி

வாழைப்பூ வடையை ஆறவிட்டால் அப்புறம் அதை வாயில் வைக்க முடியாது, ஃபாதர். முதலில் சாப்பிடுங்கள். நீங்கள் கேட்க வந்த கேள்வி எங்கும் ஓடிவிடாது. செமினரியில் பாடம் நடத்துகிற ஒருவர், என் வீட்டுக்காரர் எழுதிய புத்தகத்துக்கு முன்னுரை எழுதுவதற்காகக் காரைக்கால் வரைக்கும் பஸ்ஸில் இடிபட்டு வந்திருக்கிறார். அவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் நன்றாகவா இருக்கும்?

பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது கழுத்தில் போடுகிற அந்த ஊதா ஸ்டோலைப் பையிலேயே வைத்துவிடுங்கள். "மனசுல பாரம் இருந்தா பாவசங்கீர்த்தனமாவே சொல்லலாம்மா" என்றீர்கள். நல்ல மனசு. ஆனால் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவதெல்லாம் பயந்தவர்களுக்கு. நான் உங்களோடு சும்மா பேசத்தான் போகிறேன். கேட்டதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் வாத்தியார் கடைசியில் மனம் மாறினாரா, இல்லையா? அதுதானே உங்கள் கேள்வி? ஒரு வருஷமாக இங்கே அதே பேச்சுத்தான். என் மூத்தார் சந்தியாகு இருக்கிறாரே, வாத்தியாரின் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், அவர் சொல்கிறார்: தம்பி அந்த ஆதிச் சபைப் பண்டிதர் ஒரிஜனின் போதனையை உதறிவிட்டுத்தான் கண்ணை மூடினான். வாத்தியார் நடத்திய ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்துக்காரர்கள் சொல்கிறார்கள்: கிடையவே கிடையாது, வாத்தியார் கடைசி மூச்சுவரை ஒரிஜனின் ஆள். இரண்டு கட்சியும் இதே நாற்காலிகளில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துவிட்டு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த அந்த ஒரிஜனுக்கும் இதே கதிதானே? உயிரோடு இருந்தவரை பாதிப் பேர் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள், பாதிப் பேர் ஊரைவிட்டுத் துரத்தினார்கள். செத்து முந்நூறு வருஷம் கழித்து, எலும்புகூட மிஞ்சாதவரைக் கூண்டில் ஏற்றாத குறையாகச் சபை கூட்டிக் கண்டனம் செய்தார்கள். வாத்தியாருக்கு அந்த அளவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்கு நான் ஒரிஜனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் அடுப்படிக்கு வந்து சேர்ந்த ஒரிஜன் ஒருவர் இருக்கிறார். அவரைக் கொஞ்சம் கேளுங்கள்.

நான் குரும்பகரத்துப் பெண். நெல் விளைகிற வீடு, பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வைக்கிற வீடு. பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியாரைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கினேன். பேரை மட்டும் மாற்ற விடவில்லை. அல்லி என்றால் அல்லிதான். எங்கள் வீட்டிலும் நரகம் உண்டு, ஃபாதர். எண்ணெய்க் கொப்பரை எல்லாம் உண்டு. ஆனால் அங்கே யாருக்கும் நிரந்தரக் குடியிருப்பு கிடையாது. பட வேண்டியதைப் பட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் "முடிவில்லாத நரகம்" என்றதும் நான் திகைத்துப்போனேன். "முடிவேவா இல்ல, சிஸ்டர்? ஒரு கோடி வருஷம் கழிச்சுக்கூடவா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கே எனக்கு ஒரு டிக்கெட் போட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து வாத்தியாரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம்தான் ஒரிஜனைப் பற்றிச் சொன்னார். கடவுளின் நெருப்பு வைத்தியர் போடுகிற சூடு மாதிரி, அது குணமாக்கத்தானே தவிர வதைக்க அல்ல என்றார். கடைசியில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வீடு வந்து சேருவார்கள், சிலர் முன்னால், சிலர் ரொம்பப் பின்னால், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குக் குரும்பகரத்துக்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது. அன்றையிலிருந்து நான் நல்ல கிறிஸ்தவள்.

ஒரிஜன் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய அம்மா. வேதத்துக்காக அப்பாவைச் சிறையில் போட்டதும், பையன் தானும் போய் வேதசாட்சியாகச் சாவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மா கெஞ்சிப் பார்க்கிறாள், அழுது பார்க்கிறாள். கேட்கவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? அவனுடைய துணிமணி அத்தனையையும் ஒளித்துவைத்துவிட்டாள். அம்மணமாக எப்படி வெளியே போவான்? வீட்டிலேயே கிடந்தான், பிழைத்தான். அந்த அம்மாவின் பேர்கூட யாரும் எழுதிவைக்கவில்லை. பெரிய பெரிய வாதத்தால் ஆகாததை அவள் ஒரு துணி மூட்டையால் சாதித்தாள்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, லியோன். ஒரிஜனின் அப்பா பேரைக் கொஞ்சம் சுருக்கி வாத்தியார் வைத்த பேர். பேர்தான் வேதசாட்சி பேர். பிள்ளை கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். பைக்கில் சரக்கு பாட்டில்களைக் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் விற்பான். என்னிடம் மட்டும் பூனைக்குட்டி மாதிரி வந்து படுத்துக்கொள்வான். "யம்மா, ஒரிஜன் சொன்னது நெசம்னா நானும் வந்துருவேன்ல? லேட்டா வந்தாலும் சோறு எடுத்து வையி" என்பான். வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டி மணல் லாரியில் மாட்டிக்கொண்டு போய்ச்சேர்ந்துவிட்டான். வாயில் சாராய வாடை. சாமியார் வந்து எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசவில்லை, ஒன்றுமில்லை.

அடக்கத்தன்று சந்தியாகு மூத்தார் ஊர் கேட்கச் சொன்னார், "இவன் எங்க போயிருப்பான்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல" என்று. நான் அவருக்கும் சேர்த்துத்தான் அன்றைக்குச் சோறு போட்டேன். எனக்குக் கோபமே வரவில்லை. வாத்தியார் என் பக்கத்தில் இருந்தார். வாத்தியார் பக்கத்தில் ஒரிஜன் இருந்தார். தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் லியோனுக்கும் ஒரு கை எடுத்துவைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். ஃபாதர், நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நம்பினால் நம்புங்கள்.

போன வருஷம் வாத்தியாருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் வேறு ஆள். ராத்திரி லைட்டை அணைக்க விடமாட்டார். மூத்தார் தினமும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து காலடியில் உட்கார்ந்துகொண்டார். அண்ணனும் தம்பியும் குசுகுசுவென்று பேசினார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாத்தியார் நிமிராமல் சொன்னார், "கல்லறைத் திருநாள் பூசை முடிஞ்சதும் மைக்கைக் கேட்டிருக்கேன். ஒரிஜன் சொன்னது தப்பு, நரகத்துக்கு முடிவு கிடையாது, நான் உங்களுக்கெல்லாம் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"அப்ப லியோன்?" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தப்புன்னு ஒங்களுக்கு நெசமாவே தோணுதா?"

"தெரியல அல்லி. எதுக்கும் இருக்கட்டுமே."

எதற்கும் இருக்கட்டுமாம். மழை வருமோ என்று குடை எடுத்துப்போகிற மாதிரி. இவர் நனையாமல் இருப்பதற்காக, என் பிள்ளையை அவன் கல்லறைக்குப் பக்கத்திலேயே நின்று, ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது, மைக் போட்டு, முடிவில்லாத நெருப்பில் தள்ளிக் கதவைச் சாத்துவார். நான் ஒன்றும் சண்டை போடவில்லை. அன்றைக்கு வஞ்சிரக் குழம்பு நன்றாக வாய்த்திருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அதற்கப்புறமும் பலமுறை சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். ஒருநாள் காலில்கூட விழுந்தேன். தடவிக்கொடுத்தார், ஆனால் பிடித்த பிடியை விடவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரிஜனின் அம்மா நினைவுக்கு வந்தாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம், ஃபாதர். கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் வீட்டுக் கல்லறைக்கு வீட்டு ஆம்பிளைதான் வெள்ளையடிக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் செத்தவருக்கு அவமரியாதை. ஆகவே வாத்தியார் போய்த்தான் ஆவேன் என்றார். டாக்டர் கூடாது என்றிருந்தார். நானும் கூடாது என்றுதான் சொன்னேன், அக்கம்பக்கத்தில் கேட்கிற மாதிரி. அவர் எப்போது வெளியே போனாலும் மாத்திரை டப்பா சட்டைப் பையில் இருக்கும். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை. அதை அவர் வேறு யாரிடமும் தரமாட்டார், என்னிடம்கூட.

அன்று காலையில் அவருடைய சட்டை அத்தனையையும் ஊறவைத்துவிட்டேன். மறுநாள் திருநாளாயிற்றே, துவைக்க வேண்டாமா? அவர் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னடி, ஒண்ணுகூட இல்லியா?" என்றார். "சுண்ணாம்பு வேலைக்குச் சட்டை என்னாத்துக்கு? பனியனும் கைலியும் போதும். டப்பாவ இப்படிக் குடுங்க, நான் வெச்சுக்கறேன்" என்றேன். யோசித்தார். பனியனில் பை இல்லையே. கொடுத்துவிட்டார்.

ஜெகபர் சாதிக் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். கல்லறையில் இறங்கியதும் சுண்ணாம்பு வாளி, வெள்ளையடிக்கிற மட்டை எல்லாம் நான்தான் தூக்கினேன். பார்த்தவர்கள் "கொடுத்துவெச்ச மனுஷன்" என்றார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் வேலை மெதுவாக நடந்தது. லியோனின் சிலுவைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர் மட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"அல்லி, மாத்திர."

நான் பர்சைத் திறந்தேன். டப்பா கையில் வந்தது. பர்சை மூடிவிட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். படித்தவர் இல்லையா, புரிந்துகொண்டார். "சாமியாரையாவது கூப்புடு" என்றார். பங்குச் சாமியார் தெருவுக்கு அந்தப் பக்கம் கோயிலில்தான் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் ஓடிவந்திருப்பார். நான் வாத்தியாரின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டேன். "ஒண்ணுமில்லைங்க. முன்னப் பின்ன ஆனாலும் எல்லாரும் வந்து சேந்துருவோம்னு நீங்கதான சொன்னீங்க? புள்ள அங்க காத்துக்கிட்டு இருப்பான்" என்று சொல்லி நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். என் கையெல்லாம் சுண்ணாம்பு. அது அவர் நெற்றியிலும் ஒட்டிக்கொண்டது. மூச்சு அடங்கிய பிறகுதான் ஜெகபர் சாதிக்கைக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை, "கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா பறந்து போயிருப்பேனே, மாமி" என்று தேம்பித் தேம்பி அழுதான். நான்தான் அவனைத் தேற்றினேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். வாத்தியார் மாறத்தான் பார்த்தார். நான் மாறவிடவில்லை. கொன்றேன் என்று சொல்ல வேண்டுமானால், ஆமாம், நான்தான் கொன்றேன். சட்டையை ஊறவைக்கும்போதே தெரிந்துதான் ஊறவைத்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஃபாதர். இதில் யாருக்கு என்ன கெடுதல்? மைக் முன்னால் அவர் நிற்கவில்லை, லியோனுக்கு வழி திறந்தே இருக்கிறது. வாத்தியார் கொஞ்சம் முந்திப் போயிருக்கிறார். கொஞ்சம் சூடு பட்டிருக்கும், குணமாகிவிடும். ஒருநாள் நானும் போவேன். மூத்தாரும் வருவார், அவரையும் உள்ளே விடத்தான் வேண்டும், என்ன செய்வது? நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். முன்னுரையில் தைரியமாக எழுதுங்கள்: பெலிக்ஸ் வாத்தியார் கடைசிவரை மாறவே இல்லை. அவர் மாறியதை எந்த மைக்கும் கேட்கவில்லை.

வடையைத் தொடவே இல்லையே நீங்கள். ஆறிப்போய்விட்டது, பாருங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதென்றால் ஜெகபர் சாதிக்கையே கூப்பிடுகிறேன், நியாயமான காசுதான் வாங்குவான். நான் எதையும் மறுக்க மாட்டேன். எனக்குப் பயமும் இல்லை. ஒரிஜனை நம்புகிறவளுக்கு என்ன பயம்?

கொஞ்சம் இருங்கள். எழுந்துகொள்ளாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வருகிறேன். பையிலிருந்து அந்த ஊதா ஸ்டோலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நான் இப்படி முழங்காலில் இருக்கிறேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்.

எதுக்கும் இருக்கட்டுமே, ஃபாதர்.