பாலோடு கொடுத்த மாத்திரை

வேங்கிக்கால் பக்கம் நல்ல பசும்பால் கிடைப்பது கஷ்டம், மேடம். பாக்கெட் பால் எவ்வளவு காய்ச்சினாலும் கெட்டியாகாது. அதனால் அடி அண்ணாமலையிலிருந்து கறந்த பாலைத் தினமும் வரவழைத்தேன். என் வீட்டுக்காரர் கோதண்டராமன் படுக்கையில் விழுந்ததிலிருந்து அவர் சாப்பாட்டில் நான் குறை வைத்ததே இல்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள். அதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் உங்களுக்குக் கிடைக்காது. நர்சிங் கல்லூரியில் மருந்தியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். பார்க்கின்சன் நோயில் மூளைக்குள் டோபமைன் என்ற பொருள் குறைந்துபோகும். கை நடுங்கும், உடம்பு விறைக்கும், பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டும். அது வேலை செய்கிறவரை மனிதர் எழுந்து நடப்பார். இறங்கிவிட்டால் உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருப்பார்.

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, என்மேல் கை ஓங்கியதும் கிடையாது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தார். எந்தத் தெருவில் கரண்ட் போனாலும் இவரும் போய்விடுவார். ஓய்வுக்குப் பிறகு பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் தண்ணீர்ப் பந்தல், மற்ற நாளெல்லாம் யார் வீட்டுக் கல்யாணமோ, யாருக்கு ஆஸ்பத்திரியோ. "இதோ வந்துடறேன் சந்திரா" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார். ஊருக்கே வேண்டியவர். நான் கதவைத் திறந்து விடுகிறவள்.

அவரை வீட்டில் உட்கார வைத்தது நோய்தான். நான் அழுதேன், அதை மறைக்கவில்லை. ஆனால் சோறு ஊட்டினேன், சவரம் செய்துவிட்டேன், சாயங்காலம் ஒரே சோபாவில் உட்கார்ந்து இருவரும் டிவி பார்த்தோம். கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. பிறகு டாக்டர் இந்த மாத்திரையை எழுதிக்கொடுத்தார். சில வாரத்தில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"பந்தல்ல ஆள் கம்மியாம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

அப்போதுதான் எனக்குப் பால் ஞாபகம் வந்தது. அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வெறும் தண்ணீரில் கொடுக்க வேண்டும். புரதம் கூடச் சேர்ந்தால் மருந்து ரத்தத்தில் ஏற முடியாமல் பின்தங்கிவிடும். தீபத்தன்று கோபுர வாசலில் கூட்டம் நெருக்கும்போது நோஞ்சான் ஆள் உள்ளே போக முடியுமா, அதுபோல. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். அவருக்கு மாத்திரையோடு கெட்டிப் பால், முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல் எல்லாம் கொடுத்தேன். ஒரு வேளைகூட மாத்திரை தவறவில்லை. அவர் மறுபடியும் சோபாவுக்கு வந்துவிட்டார்.

டாக்டர் அளவைக் கூட்டினார். "நீங்க நல்லாதான் பாத்துக்கறீங்கம்மா, வியாதிதான் வேகமா போவுது" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த நாத்தனார் பாஞ்சாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் குடுத்து வெச்சவரு அண்ணி" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒருநாள் குளியலறையில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வார்டு நர்ஸ் தேவிப்ரியா என் மாணவி. மாத்திரையை என் கையில் தரவே இல்லை.

"சாப்பாட்டுக்கு முன்னாடி, தண்ணியிலதான்னு நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். கெட்டிக்காரப் பெண்.

சில நாளிலேயே அவர் வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார். குரலும் திரும்பியது. நான் பிளாஸ்கில் பால் கொண்டுபோனேன்.

"பால் வேணாம் சந்திரா."

"உடம்புக்குத் தெம்பு வேணாமாங்க?"

"பால் குடிச்சா எனக்குக் காலு வராது. ரொம்ப நாளாவே தெரியும். சொல்றதுக்குத்தான் வாய் வரல." கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு, "நான் கொஞ்ச நாள் பாஞ்சாலை வீட்டுல இருக்கறேன். நீயும் பாவம், ஓய்வா இரு" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், மேடம். வழக்கம்போல நல்லவராகவே கிளம்பப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து துணிமணி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போகலாம் என்றேன். நம்பினார். எல்லாரையும் நம்புகிற மனிதர்.

வீட்டில் நான் பால் கொடுக்கவில்லை. வேண்டாம் என்றாரே, அதற்கு மதிப்புக் கொடுத்தேன். மாத்திரையும் கொடுக்கவில்லை. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டையாக விறைக்கும், காய்ச்சல் கொதிக்கும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்து. வருஷா வருஷம் பரீட்சையில் கேட்பேன், பாதிப் பேர் எழுத மாட்டார்கள். வாய் வருகிறவரை அவர் மாத்திரை கேட்டார். டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றேன். பாஞ்சாலை போன் செய்தபோது, "லேசா ஜுரம், தேறினதும் அனுப்பறேன்" என்றேன். நெற்றியில் ஈரத்துணி போட்டபடி பக்கத்திலேயே இருந்தேன். என் கை அவர் விரல்களுக்குள் மாட்டியிருந்தது. அவ்வளவு இறுக்கம்.

சாவுக்கு வந்த தேவிப்ரியா ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மாத்திரை அட்டைகள் அலமாரியில் பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்தாள். நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள்.

நான்தான் கொன்றேன். தெரிந்தேதான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் தவித்துச் செத்தார் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் கடைசி நாட்களில் அவர் என் கையை ஒரு தடவைகூட விடவில்லை. போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் என்னோடு இருக்கத்தான் பிடித்திருந்தது.