தொட்டி நிறையப் பச்சை

எனக்குச் செடி வளர்க்க வராது. பிளாஸ்டிக் பூவைக்கூட வாட வைத்துவிடுவாய் என்பார் என் கணவர். அப்படிப்பட்டவளிடம் மகள் தன் மீன்தொட்டியை ஒப்படைத்துவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள் என்றால், தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவள் நர்ஸ். பிறந்த குழந்தைகள் இருக்கும் வார்டில் வேலை கிடைத்திருந்தது. சின்ன வயதிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றைத்தான். கிளம்பும் அன்று தொட்டியின் முன் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

"மேல மிதக்குற செடி பெருகினா பாதியை அள்ளிடும்மா. முழுசா மூடிட்டா மீனுக்கு மூச்சு முட்டும். செடிக்கு இந்த மருந்து நாலு சொட்டு. அதிகமானா விஷம்."

"உன்னையே வளர்த்தவடி நான்."

"அதான் பயமா இருக்கு" என்று சிரித்தாள்.

முதலில் தினமும் பேசினாள். பிறகு தொட்டியைக் காட்டச் சொல்வதற்காக மட்டும் பேசினாள். அவளை நினைத்து நான் இளைத்துப்போனதை அவள் கவனிக்கவே இல்லை. சும்மா சொல்கிறேன், இளைக்கவெல்லாம் இல்லை. துக்கம் வந்தால் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

செடி பெருகியது. நான் அள்ளவில்லை, சோம்பல். பிறகு மீன்கடைக்குப் போய் இன்னும் இரண்டு பை செடி வாங்கிவந்தேன். அதையும் சோம்பல் என்று சொல்வது கொஞ்சம் சிரமம்தான். "என்னக்கா, மீனுக்கா மாட்டுக்கா?" என்றார் கடைக்காரர். நானும் சிரித்தேன். செடிகள் நெருங்காமல் இருக்க அவள் மிதக்கவிட்டிருந்த வளையத்தை எடுத்துக் கழுவி வைத்தேன். காற்று மோட்டாரின் சத்தம் தலைவலி தந்ததால் அணைத்தேன். சத்தம் என்ன, ஒரு கொசு அளவுக்கு இருக்கும்.

போனில் தொட்டியை மேலிருந்து காட்டினேன். ஒரே பச்சை.

"பரவாயில்லையே, உனக்குக்கூட கைராசி வந்துடுச்சே" என்றாள். அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்தப் பச்சைக்கு அடியில் மீன்கள் வேர்களுக்கிடையே வாயைத் தூக்கிக்கொண்டு இடம் தேடிக்கொண்டிருந்தன. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

எல்லாம் செத்த பிறகு, செடியில் பாதியை அள்ளினேன். வளையத்தைப் போட்டேன், மோட்டாரை ஓடவிட்டேன். அப்புறம்தான் அவளைக் கூப்பிட்டேன்.

"நீ சொன்ன மருந்தைத்தான் விட்டேன்டி. பத்து சொட்டு."

"நாலுன்னுதானேம்மா சொன்னேன்?"

"பத்துன்னுதான் சொன்னே. நல்லா ஞாபகம் இருக்கு."

மருந்துப் பாட்டிலை நான் திறக்கவே இல்லை.

"பத்துன்னா சொன்னேன்?" என்றாள். நான் பெருமூச்சு விட்டேன். பெருமூச்சுக்கெல்லாம் சட்டத்தில் தண்டனை இருக்காது என்று நினைக்கிறேன்.

அதன்பின் வார்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்தைத் திரும்பத் திரும்ப அளந்தாளாம். அப்போதும் நம்பாமல் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னாளாம். கொஞ்ச நாளில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது என்னோடுதான் இருக்கிறாள். காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்றுகூட என்னைக் கேட்டுத்தான் போடுகிறாள். சொல்லிவிடலாமா என்று எனக்கும் சில நேரம் தோன்றும். ஆனால் பெற்றவளே இப்படிச் செய்தாள் என்று தெரிந்தால் அந்தக் குழந்தையின் மனசு என்ன ஆகும்? அவளுக்காகத்தான் நான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.